வார்னிஷ் துடைத்த துணி

உப்புத்தாளால் இழைத்துத் தூசி தட்டிய மரத்தின்மேல் வார்னிஷ் பூசுவது எல்லோரும் கண்ட வேலைதான் என்றாலும், பூசியது எவ்வாறு இறுகுகிறது என்பதை அவ்வேலையில் பழகியவர்களும் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கும் பாலிஷில், ஸ்பிரிட் ஆவியாக அரக்கு மட்டும் மரத்தில் தங்குகிறது. மறுபடி ஸ்பிரிட் பட்டால் அது கரைந்தும் விடுகிறது. ஆளிவிதை எண்ணெயில் பிசினைக் காய்ச்சி டர்பன்டைனால் இளக்கிய எண்ணெய் வார்னிஷ் அத்தகையதன்று. டர்பன்டைன் பறந்த பின், எண்ணெய் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிய, அவை ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான படலமாகின்றன. இப்பிணைப்புகள் மிகக் குறைவாக உள்ள தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் இவ்வாறு இறுகுவதில்லை. ஒரே பூச்சில் கனமாகப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகி, ஆக்சிஜன் எட்டாத அடிப்பகுதி பிசுபிசுத்து நிற்பதும் இதனால்தான்.

இவ்வினை வெப்பத்தை வெளிவிடுகிறது. பலகையில் பரவிய மெல்லிய படலத்தின் வெப்பம் காற்றோடு போய்விடும். அதே எண்ணெயைத் துடைத்த பருத்தித் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாலோ, இழைதோறும் பரவிய எண்ணெய்க்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்க, ஈரத்தோடு போர் போட்ட வைக்கோலைப் போல மடிப்புகள் வெப்பத்தை உள்ளேயே பொத்தி வைக்கின்றன. சூடு ஏற ஏற வினை விரைந்து, வினை விரைய விரையச் சூடு மேலும் ஏறி, பொறி எதுவுமின்றிச் சில மணி நேரத்தில் துணி தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா எரிந்ததற்கு, 22ஆம் மாடியில் மரவேலைப்பாடுகளைப் புதுப்பித்தோர் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்த அத்தீ, தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்த 30ஆம் மாடியில்தான் நின்றது.

மேசையின் பளபளப்புக்காக மூன்று பூச்சு, நான்கு பூச்சு என்று கணக்குப் பார்ப்பவர்கள், துடைத்த துணியை மரத்தூள் குவியலிலேயே எறிந்துவிட்டுக் கடையைப் பூட்டிச் செல்வது அறியாமை என்பதைவிட அலட்சியம் என்றே சொல்லத் தகும். இத்தனைக்கும் தேவைப்படும் பாதுகாப்பு மிகச் சிறியது: துணியைப் பிரித்து, வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துப் போட வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில், தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி இறுக மூடி வைக்கலாம். கொடியில் கிடந்த துணி முழுதும் காய்ந்து அட்டைபோல் விறைத்த பிறகே அதைக் குப்பையில் சேர்க்க வேண்டும்.