மவுஸைத் தொடாத கை

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு மேல்மாடியில் ஒரு தம்பி சாயங்கால வகுப்பு எடுக்கிறான். கம்ப்யூட்டர் அடிப்படை, எக்செல், பில் போடும் முறை. வருகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் இல்லை. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர்கள், மொத்த மளிகைக்காரர்கள், 2017இல் ஜிஎஸ்டி வந்தபிறகு இனி நோட்டுப் புத்தகம் போதாது என்று ஆனவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு 40 வயது தாண்டிவிட்டது. நானும் சில வருஷம் பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தவன் என்பதால், வகுப்புக்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, கொஞ்சம் புலம்பிவிட்டுத்தான் மாடி ஏறுவான்.

"அண்ணே, ஒரு அக்கா வர்றாங்க. முப்பது வருஷமா ஜவுளிக்கடைக் கணக்கு. மீட்டர் கணக்கு, கழிவு எல்லாம் மனசுலயே போட்டுச் சொல்லிருவாங்க. ஆனா மவுஸைத் தொட மாட்டேங்கிறாங்க. கை அதுக்கு ஒரு அங்குலம் மேலேயே நிக்குது, தோசைக்கல்லு காஞ்சிருச்சான்னு பாக்கற மாதிரி. நானும் ஜோக் சொல்லிப் பாத்துட்டேன், கைதட்டச் சொல்லிப் பாத்துட்டேன். யாரும் சிரிக்கக்கூட மாட்டேங்கிறாங்க."

அவனுக்கு நான் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடியாது. ரெண்டு டீ ஆகும்.

அந்த அக்காவுக்கு மவுஸைக் கண்டு பயமில்லை. வீட்டில் அவர் மாமியார். கடையில் கணக்கு அக்கா. தெருவில் சீட்டுப் பிடிக்கிறவர். மூன்று இடத்திலும் அவர் சொன்னால் சொன்னதுதான். மாடிப்படி ஏறும்போது செருப்போடு சேர்த்து அந்த மூன்று மரியாதையையும் கீழே கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. மேலே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் வெறும் மாணவி. அடுத்த நாற்காலியில் அதே கடையில் வேலை பார்க்கிற 22 வயசுப் பெண். கை நடுங்கி அம்புக்குறி எங்கேயோ ஓடினால் அந்தப் பெண் பார்ப்பாள். நாளைக்குக் கடையிலும் பார்ப்பாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அதற்கு இழப்பதற்கென்று இன்னும் ஒரு பேர் ஏற்படவில்லை. பெரியவர்கள் வகுப்பில் பயம் என்று நாம் சொல்வதைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கூச்சமும் மானமும்தான்.

சரி, கூச்சம் இருந்தால் பாடம் ஏன் ஏறாது? இந்த டீ மாஸ்டரைப் பாருங்கள். ரெண்டு ஸ்ட்ராங், ஒரு லைட், ஒன்று சர்க்கரை இல்லாமல். எழுதி வைக்காமலே நாலையும் மனசில் பிடித்துக்கொண்டு ஆற்றுகிறார். அந்த நேரத்தில் ஒருவர் வந்து பழைய பாக்கியைப் பற்றிச் சண்டைக்கு நின்றால் சர்க்கரை இல்லாத டீயில் சர்க்கரை விழும். மனசில் ஒரே சமயத்தில் பிடித்துவைத்து வேலை செய்கிற அந்த மேடை ரொம்பச் சின்னது. 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், சுமார் ஏழு விஷயம் அதில் நிற்கும் என்று எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அதைச் சலித்துப் பார்த்து, உண்மையில் சுமார் நாலுதான் என்றார். 'இடது பொத்தானை அழுத்து, விடாமல் இழு, இங்கே விடு' என்றாலே மூன்று போயிற்று. மிச்சமிருக்கும் இடத்தில் 'அந்தப் பெண் பார்க்கிறாளோ' என்பது வந்து உட்கார்ந்துகொண்டால், இழுக்கும்போது விரல் பொத்தானை விட்டுவிடும். வாத்தியார் கண்ணுக்கு இது மந்தம். உள்ளே பார்த்தால் வெறும் இடநெருக்கடி.

இன்னொன்றும் நடக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வில், ஆரோக்கியமான ஆட்களுக்கு வார்த்தைப் பட்டியல் ஒன்றைப் படிக்கக் கொடுத்து, மறுநாள் சோதித்தார்கள். சோதனைக்குக் கொஞ்சம் முன்னால் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்தவர்களுக்கு வார்த்தைகள் குறைவாகவே ஞாபகம் வந்தன. நாம் பதறும்போது உடம்பு தானே சுரக்கிற சரக்கும் அந்த ஜாதிதான். அதே மாத்திரையைப் படிக்கிற நேரத்தில் கொடுத்துப் பார்த்தபோது அந்த நஷ்டம் இல்லை. பாடம் உள்ளே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. எடுக்கிற கதவுதான் இறுகிக்கொண்டது. 'வீட்டுல நல்லா வந்துச்சு தம்பி, இங்க வந்தா வரமாட்டேங்குது' என்று யாராவது சொன்னால் சாக்கு என்று நினைக்காதே என்றேன் தம்பியிடம். அனேகமாக அது உண்மை.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு வாத்தியாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அடியாத மாடு படியாதுப்பா. எங்க காலத்துல பிரம்பு இருந்துச்சு, படிப்பும் இருந்துச்சு" என்றார்.

சாரை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. 1908இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்து இதையேதான் சோதித்தார்கள். வெள்ளை வழியா, கறுப்பு வழியா என்று எலி கண்டுபிடிக்க வேண்டும். தப்பான வழியில் போனால் மின்சாரம் சுருக்கென்று அடிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அடி பலமாக ஆக எலி சீக்கிரம் கற்றது. வெளிச்சத்தைக் குறைத்து, வித்தியாசத்தை மங்கலாக்கிக் கஷ்டப்படுத்தியபோது கதை மாறியது. மிதமான அடிக்குமேல் போனால் கற்பது தாமதமானது. சுலபமான வேலையைப் பயம் தாங்கும், நுணுக்கமான வேலையைக் கெடுக்கும். எங்கள் சாரின் பிரம்பு வாய்ப்பாட்டுக்கு ஏன் பலித்தது, கணக்கின் சூட்சுமத்துக்கு ஏன் பலிக்கவில்லை என்பது இதிலிருந்து ஓரளவு புரியும். (அந்தச் சில எலிகளை வைத்துக்கொண்டு உலகத்து மேனேஜர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறார்களே, அது எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.)

"சார், அந்த எலிக்குப் பெட்டியை விட்டு வெளியே போக வழியில்லை. ஸ்கூல் பிள்ளைக்கும் இல்லை. இவங்களுக்கு மாடிப்படி இருக்கு" என்றேன்.

பயந்த எலி மெதுவாகக் கற்கும். பயந்த பெரிய மனிதர் நாளையிலிருந்து வரமாட்டார். வரவில்லை என்பதற்குப் பயம் என்று காரணம் சொல்லவும் மாட்டார். பேத்திக்குக் காய்ச்சல், கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள், பஸ் இல்லை. வாத்தியார் அதை நம்பி அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்.

இதில் நானே ஒரு சாட்சி. 44 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்தக் கார்களில் கற்றுக்கொடுப்பவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நான் என்ன தப்புச் செய்தாலும் அவரால் வண்டியை நிறுத்த முடியும். என் தப்பை மலிவாக்குகிற சாதனத்தைக் காலடியிலேயே வைத்துக்கொண்டு, அவர் அதைப் பயன்படுத்தியதைவிட வாயைப் பயன்படுத்தியதுதான் அதிகம். 'கிளட்ச்சு! கிளட்ச்சு!' என்று அவர் கத்தக் கத்த எது கிளட்ச் என்பதே எனக்கு மறந்துபோகும். ஏழாம் நாள் எனக்கும் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது; அப்போது எனக்குப் பேத்தியே கிடையாது. பிறகு ஒரு கோடையில், பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வற்றிய ஏரிக்குள் தன் பழைய காரை இறக்கி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்தார். முட்டுவதற்கு ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு ரெண்டு ஆடுகள். வண்டி குதித்து நின்றபோதெல்லாம் எனக்கே சிரிப்பு வந்தது. நாலு நாளில் கியர் பழகிவிட்டது.

பயத்துக்குப் பதில் வகுப்பில் குதூகலம் வேண்டும் என்றால், நான் சொல்வது அந்தச் சிரிப்பைத்தான். தம்பி செய்து பார்த்த ஜோக்கும் கைதட்டலும் வேறு ரகம். நாற்பது வயசு ஆளை எழுப்பி 'எல்லாரும் ஒரு தடவை ஜோரா கைதட்டுங்க' என்றால் அவருக்கு இரண்டாவது அவமானம். போதாததற்கு, தொட்டுக்கொள்ளத் தூவுகிற சுவாரசியம் பாடத்தையே சாப்பிட்டுவிடுவதும் உண்டு. 1998இல் ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் என்ற இருவர், மின்னல் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தில், மின்னல் தாக்கியவர்களின் கதை போன்ற சுவையான துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். துணுக்கு இல்லாத பாடத்தைப் படித்தவர்களுக்குத்தான் மின்னல் உண்டாகும் விதம் நன்றாக ஞாபகம் இருந்தது.

வேடிக்கை, கற்க வேண்டிய அசைவுக்குள்ளேயே இருக்க வேண்டும். 1990இல் வந்த விண்டோஸ் 3.0இல் சாலிடேர் என்ற சீட்டாட்டம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மவுஸ் பழகாத ஜனங்களுக்குப் பிடித்து இழுத்து விடுகிற வித்தையைப் பழக்கத்தான் அதை வைத்தார்கள் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆபீஸ் நேரத்தில் சீட்டு விளையாடுகிறார்கள் என்று திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் கூலி வாங்காமல் விரலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிளையும் சேர்த்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை செய்கிற பெண்கள், கிராமச் சுகாதார நர்சுகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பாட்டும் உண்டு, கூட்டமாய் ஊர்வலமும் உண்டு.

எழுதப் படிக்கச் சொல்லித்தரும் இயக்கத்துக்கு சைக்கிள் எதற்கு? போக்குவரத்து வசதி, தன்னம்பிக்கை என்று பல பதில் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு. ஒரு பெண் தனியாகத் தெருவில் சைக்கிளோடு விழுந்தால் அது ஊர்ப்பேச்சு. முப்பது பெண்கள் சேர்ந்து மைதானத்தில் விழுந்தால் அது திருவிழா. தப்பு பொதுவாகிவிட்டால் அதற்கு மானத்தை வாங்குகிற சக்தி போய்விடுகிறது. தவிர, அந்தப் பாட்டும் சிரிப்பும் சைக்கிளுக்கு வெளியே தூவினவை இல்லை. மிதிக்கிற மிதியிலும், தள்ளுகிற கையிலும், முகத்தில் அடிக்கிற காற்றிலுமே அவை இருந்தன.

தம்பிக்கு ஒரு சந்தேகம். "அப்ப டெஸ்ட்டே வைக்கக் கூடாதாண்ணே? பரீட்சைன்னாலே மூஞ்சி மாறுதே."

டெஸ்ட்டை நிறுத்தாதே, மார்க்கை நிறுத்து என்றேன். படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பவரைவிட, புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எடுத்துப் பார்ப்பவருக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நிற்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை அழகாகக் காட்டினார்கள். ஞாபகத்திலிருந்து எடுக்கிற உழைப்புதான் மருந்து. சிவப்பு மையில் போடுகிற எண், மருந்துச் சீட்டில் யாரோ எழுதிய வசவு. ரெண்டு ரெண்டு பேராக உட்கார வை, போன வகுப்பில் செய்ததை ஒருவர் மற்றவருக்குப் பார்க்காமல் சொல்லட்டும், நீ அந்தப் பக்கம் திரும்பி நின்று ஜன்னலைத் துடை.

இன்னொன்றும் சொன்னேன். முதல் நாள் முதல் பாடமாக, செய்ததை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோகிற கன்ட்ரோல் இசட்டைச் சொல்லிக் கொடு. வழக்கமாக அதை மூன்றாம் வாரம் 'பயனுள்ள குறுக்குவழிகள்' என்று பத்தோடு பதினொன்றாகச் சொல்கிறார்கள். பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை யார்தான் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள்? ஒரு பக்கம் முழுக்க வேண்டுமென்றே அலங்கோலம் பண்ணச் சொல். அப்புறம் ரெண்டு விரலால் எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்கச் சொல்.

மூன்று வாரம் கழித்து மாடியில் ஒரு கூச்சல் கேட்டது. டீ கிளாஸோடு படியேறிப் போய்ப் பார்த்தேன். கற்பனைக் கடை ஒன்றை எக்செல்லில் போட்டிருந்தார்கள். வாங்கியது ஒரு வரிசை, விற்றது ஒரு வரிசை, இருப்பு ஒரு வரிசை. அக்கா கொள்முதலை எழுதாமலே நேராக 500 சேலையை விற்றிருக்கிறார். இருப்பில் மைனஸ் 500 என்று நின்றது. 22 வயசுப் பெண் எட்டிப் பார்த்தாள். அறையே ஒரு நொடி அமைதியானது.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லாத சேலையை வித்துட்டேனா? பரவால்ல, எங்க முதலாளி வருஷாவருஷம் ஆடித் தள்ளுபடியில இதைத்தானே பண்றாரு!"

அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள். மற்றவர்கள் அடங்குவதற்குள் அக்கா, தம்பியைக் கூப்பிடாமலே, மவுஸைப் பிடித்து இழுத்துக் கொள்முதல் வரிசையைத் தேடிக்கொண்டிருந்தார்.