மேட்டை நாடும் பட்டை

மரத்தைத் தேய்க்கும் பெல்ட் சாண்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பட்டையைக் கழற்றி, முன் உருளையின்மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். பல கருவிகளில் இரு ஓரத்திலும் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். உருளை நடுவில் மயிரிழை அளவு பருத்திருக்கிறது. நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஓடும் உப்புத்தாள் பட்டை கழன்று விழாமல் காப்பது அந்தப் பருமன்தான். பட்டையைத் தடுத்து நிறுத்த அங்கே விளிம்பு எதுவும் கிடையாது.

மேட்டில் வைத்தது பள்ளத்துக்குத்தானே சரியும்? ஆனால் இறுக்கமாக ஓடும் தட்டைப் பட்டை மேட்டை நோக்கித்தான் ஏறும். அது இடப்புறம் விலகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இப்போது அதன் வலது ஓரம் உருளையின் பருத்த பகுதியில் இருக்கிறது. அந்த ஓரம்தான் கூடுதலாக இழுபடுகிறது. துணி ஒட்டிய பட்டை அகலவாக்கில் எளிதில் மடங்காது. அதனால் உருளையைத் தொட வரும் பகுதி முழுவதும் பருத்த பக்கமாகச் சற்றே சாய்ந்து வருகிறது. தொட்ட இடத்தில் உராய்வு அதைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து வரும் பகுதி இன்னும் கொஞ்சம் மேலே அமர்கிறது. நடுவை அடைந்ததும் இருபுற இழுப்பும் சமமாகி, ஏற்றம் நின்றுவிடுகிறது. 533 மில்லிமீட்டர் நீளப் பட்டை நொடிக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் சுற்றுவதால், இவ்வளவும் நம் கண்ணுக்குப் பிடிபடுமுன் முடிந்துவிடும். பழைய நெல் ஆலைகளில் நீண்ட பெல்ட்டுகள் நழுவாமல் ஓடியதும் இதே தத்துவத்தில்தான்.

கருவியின் பக்கத்திலுள்ள திருகு முன் உருளையின் அச்சைச் சற்றே சாய்த்து, பட்டை எங்கே நிலைகொள்ள வேண்டும் என்பதை மாற்றுகிறது. திருகியும் பட்டை ஓரத்துக்கே ஓடினால் உருளையைத் துடைத்துப் பாருங்கள். பிசினோடு இறுகிய மரத்தூள் ஒரு பக்கம் படிந்தால், மேடு இருக்கும் இடமே மாறிவிடும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஒரு ஓரம் மட்டும் நீண்டுவிட்ட பட்டையும் இப்படித்தான் அலையும். உட்புறம் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும். எதிராக மாட்டினால் ஒட்டு பிய்ந்துகொள்ளும்.

பட்டையை ஓடவிட்ட பிறகே மரத்தில் இறக்க வேண்டும்; நிறுத்துமுன் தூக்கிவிட வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் பள்ளம் விழும், பிளைவுட்டின் மேல்தோல் நொடியில் போய்விடும். அழுத்தவும் கூடாது, கருவியின் எடையே போதும். அழுத்தினால் சூட்டில் மரப்பிசின் இளகி உப்புத்தாளின் மணிகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். மணிகள் கூராக இருந்தும் பட்டை வெட்டாது. இதற்கென்று விற்கும் ரப்பர் கட்டியை ஓடும் பட்டையில் வைத்தால் அடைப்பு உதிர்ந்துவிடும். ஆயுள் மீதமிருக்கும் பட்டையைக் குப்பையில் எறிய எனக்கு மனம் வருவதில்லை.

மோட்டார் சத்தம் கேட்டும் பட்டை சுற்றவில்லையென்றால், பக்க மூடிக்குள் இருக்கும் பல்பெல்ட் பெரும்பாலும் அறுந்திருக்கும். விட்டுவிட்டு ஓடினால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்.

தூசியை மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகமூடி கட்டாயம். பட்டை ஆணியில் உரசினால் தீப்பொறி தூசிப்பைக்குள் போகும். அங்கே நுண்ணிய மரத்தூள் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடிந்ததும் பையை வெளியே கொட்டிவிட்டுத்தான் பட்டறையைப் பூட்ட வேண்டும்.