வரப்போகும் கைப்பேசியும் கூடத்துக் கம்ப்யூட்டரும்

ஆவணி மாதம் பிறந்துவிட்டால் என் மருமகப்பிள்ளைக்கு, அதாவது என் தமக்கை மகனுக்கு, இருப்புக் கொள்ளாது. கலிபோர்னியாவில் ஒரு ஸ்தாபனம் அநேகமாக ஒவ்வொரு செப்டம்பரிலும் வெளியிடும் புதிய கைப்பேசியில் என்னென்ன விசேஷங்கள் இருக்கக்கூடும் என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிட்டானானால், ஊணும் உறக்கமும் அவனுக்கு இரண்டாம் பட்சம்தான். காமிராவுக்குக் கண் எத்தனை, எடை எத்தனை கிராம், திரை மடியுமா மடியாதா என்றெல்லாம், நேரில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி எடுத்துரைப்பான். "மாமா, இப்ப வாங்கிடாதீங்க, இன்னும் ஒரு மாசம் பொறுத்தீங்கன்னா புதுசு வந்துடும், பழசு விலையும் இறங்கிடும்" என்பது அவன் மூன்று வருஷமாக எனக்குச் சொல்லி வரும் யோசனை. அதைச் சிரமேற்கொண்டு நானும் மூன்று வருஷமாக ஒன்றும் வாங்காமலே இருந்து வருகிறேன்.

இந்தச் சம்பாஷணை நடக்கிற அதே கூடத்தின் மூலையில், என் மனைவி பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்த உறையைப் போர்த்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. வருமான வரிக் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் நகல், என் தகப்பனாரின் சதாபிஷேகப் படங்கள், நான் இருபது வருஷமாக எழுதிக் குவித்த கட்டுரைகள் எல்லாம் அதற்குள்தான். அதன் திரையோரத்தில், வீட்டுக்கு வருகிறவர்கள் அனைவரும் கண்டு களிக்கும்படியாக, பாஸ்வேர்டை என் கைப்படவே எழுதி ஒட்டிய மஞ்சள் சீட்டு ஒன்றும் இருந்தது. இன்னும் பிறக்காத கைப்பேசியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நாங்கள், பிறந்து எட்டு வருஷமான இந்த ஜீவனைப் பற்றி ஒரு நிமிஷங்கூடப் பேசியதில்லை என்பது, சென்ற ஐப்பசியில் ஒரு மின்னஞ்சல் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதிர்பார்ப்பு என்பது விநோதமான வஸ்து. 2007 ஜனவரி 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைத் தூக்கிக் காட்டியபோது உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் அந்த அற்புதத்தில் ஒரு வாக்கியத்தை ஓரிடத்தில் நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டுவதற்கு வசதி கிடையாது. எந்தக் குமாஸ்தாவின் மேஜைக் கம்ப்யூட்டரிலும் இருந்த அந்தச் சாமானிய சௌகரியம் அதற்கு வந்து சேர்ந்தது 2009 ஜூனில். வெளியார் எழுதிய செயலிகளைப் போட்டுக்கொள்ளும் கடை 2008 ஜூலையில்தான் திறந்தது. மறுபுறம், ஒருவரும் வேண்டிக் கேட்காத சில ஏற்பாடுகள் அக்கைப்பேசிகளுக்குள்ளே சத்தமில்லாமல் அமைந்திருந்தன. விளம்பரத்தில் வராத அந்த ஏற்பாடுகளே மிகப் பெரிய விசேஷம் என்பது என் அபிப்பிராயம்.

இதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஐ.பி.எம். கம்பெனி தன் தனியாள் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்டில் வெளியிட்டபோது, அதை உபயோகிப்பவர் ஒருவரே, அவர் அறைக்குள் தனியே உட்கார்ந்திருப்பார், வெளியுலகத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்ற நம்பிக்கையில்தான் அது கட்டப்பட்டது. அதில் ஓடிய டாஸ் என்னும் மென்பொருளுக்கு, வந்திருப்பவர் யார் என்று கேட்கவே தெரியாது. அது நம் பக்கத்து நாலுகட்டு வீட்டைப் போன்றது; தெருக் கதவைத் தாண்டிவிட்டவன் முற்றத்துக்கும் போகலாம், சமையற்கட்டுக்கும் போகலாம், நெற்குதிரையும் திறந்து பார்க்கலாம், கேட்பாரில்லை. பிற்காலத்து விண்டோஸ் பல பூட்டுகளைப் போட்டுக்கொண்டது உண்மையே; ஆயினும் அந்த வீட்டின் அடிப்படை அமைப்பு முழுக்க மாறிவிடவில்லை. நீங்கள் ஒரு நிரலைச் சொடுக்கி ஓடவிட்டால், பொதுவாக அது நீங்கள் திறக்கக்கூடிய கடிதங்கள், படங்கள், கணக்குகள் யாவற்றையும் தானும் திறக்கக்கூடும். ஏனெனில் அது உங்கள் பெயரால் உள்ளே வந்திருக்கிறது.

கைப்பேசியோ பூட்டிய அறைகளுள்ள சத்திரத்தைப் போலக் கட்டப்பட்டது. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் வெவ்வேறு அடையாள எண் கொடுத்துத் தனித்தனி அறையில் குடிவைக்கிறது, ஓர் அறைக்காரன் அடுத்த அறையில் உள்ளதை எடுக்க வேண்டுமானால், சொந்தக்காரராகிய உங்களிடம் வந்து, "புகைப்படங்களைப் பார்க்கலாமா? தொடர்பு எண்களைப் படிக்கலாமா?" என்று அனுமதி கேட்டாக வேண்டும். நாம்தான் கேள்வியைப் படிக்காமலே, கல்யாணப் பந்தியில் இலைக்கு வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்வது போல, வருகிற விண்ணப்பத்துக்கெல்லாம் தலையாட்டிவிடுகிறோம். 2013இல் ஐபோனின் பொத்தானில் விரல்ரேகைப் பூட்டு வந்தபோதும், அதை ஒரு பாதுகாப்பென்று எண்ணி வாங்கியவர்களைவிட, எண்களை அழுத்தும் சிரமம் ஒழிந்ததென்று வாங்கியவர்களே அதிகம் என்று நான் பந்தயம் கட்டுவேன். சௌகரியத்தின் வேஷத்தில் வந்தால்தான் ஜாக்கிரதை மனிதர்களுக்குப் பிடிக்கிறது.

இப்போது அந்த மின்னஞ்சலுக்கு வருகிறேன். ஒரு மாலை வேளையில், நான் கட்டவேண்டிய ஏதோ ஒரு கட்டணத்துக்கு ரசீது என்று ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயரும் முத்திரையும் அசலைப் போலவே இருந்தன. இணைப்பில் இருந்த கோப்பின் பெயர், "ரசீது" என்றும், அதன் பின் ஒரு புள்ளியும், அதன் பின் பி.டி.எஃப். என்னும் மூன்றெழுத்தும். சொடுக்கப் போன விரலை நிறுத்தியது என் புத்திசாலித்தனமல்ல. அடுப்பில் பால் பொங்கிற்று. போய்விட்டு வந்து பார்க்கையில், பக்கத்தில் நின்ற மருமகப்பிள்ளை, "மாமா, முழுப் பேரும் தெரியலியே, மறைச்சிருக்கே" என்று சொல்லி, கோப்புகளின் கடைசி எழுத்துகளைக் காட்டச் சொல்லும் ஏற்பாட்டை எங்கிருந்தோ தேடித் திருப்பிவிட்டான். அப்போது புள்ளிக்குப் பின்னும் ஒரு புள்ளி முளைத்தது. அதன் பின் இ.எக்ஸ்.இ. என்ற மூன்றெழுத்து. அதாவது படிப்பதற்கான ரசீது அல்ல அது. சொடுக்கினால் கிளம்பி ஓடும் நிரல்.

இந்தத் தந்திரம் புதிதன்று. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்டு உலகத்தைச் சுற்றிய 'ஐ லவ் யூ' என்னும் வைரஸ், காதல் கடிதம் என்ற பெயரில் இதே உத்தியைத்தான் கையாண்டது. எழுத்துக் கோப்பு என்று எண்ணும்படி டி.எக்ஸ்.டி. என்ற வால் வெளியே தெரிந்தது, வி.பி.எஸ். என்ற நிஜ வாலை விண்டோஸே மரியாதையாக மறைத்து வைத்தது. திறந்தவர்களின் விலாசப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர்கள் பெயராலேயே அது தன்னை அனுப்பிக்கொண்டது; மேலதிகாரியிடமிருந்து காதல் கடிதம் வந்தால் திறந்து பாராத குமாஸ்தா உண்டோ? எழுதியவன் அகப்பட்டான், ஆனால் அவனைத் தண்டிப்பதற்குத் தக்க சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லாமையால் வழக்கு கைவிடப்பட்டது.

ஏமாந்து சொடுக்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து என்று இருந்துவிடவும் முடியாது. 2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை', யாருடைய சொடுக்கையும் எதிர்பாராமல், கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தானே தாவி, கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடுத்தால் திறக்கிறேன் என்று திரையில் அறிவித்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் அகப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் ஒத்திப்போடப்பட்டன. இதில் மனத்தைச் சுடும் செய்தி என்னவென்றால், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. 59 நாட்கள் அவகாசம் இருந்தது. "அப்டேட் தயாராக இருக்கிறது, இப்போது செய்யலாமா?" என்று திரையோரத்தில் எழுந்த கேள்விக்கு, "அப்புறம் பார்க்கலாம்" என்று எத்தனை பேர் எத்தனை முறை பதில் சொல்லியிருப்பார்கள்! நானும் சொன்னவன்தான். அதைவிடக் கேடாக, முன்னொரு காலத்தில் ஒரு கடைக்காரர் மலிவாகப் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸில், அசல் அல்லவென்று கண்டுபிடித்துவிடும் என்பதற்காக அப்டேட்டையே அடியோடு நிறுத்தி வைத்திருந்தார்; ஆறு வருஷம் அந்தத் திறந்த வீட்டில் நான் பத்திரமாக இருப்பதாக நினைத்துக் குடியிருந்தேன்.

இப்போது உள்ள இயந்திரத்துக்கும் ஒரு கண்டம் வந்தது. விண்டோஸ் 10க்கான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. விரும்பிப் பதிந்துகொண்ட வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் குறிப்பிட்ட வகைப் பிராசஸரும் வேண்டும். என் இயந்திரத்தின் வயதுள்ள பலவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் கருவியைக் காகிதத்தில் முதியதென்று எழுதி ஓய்வு கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. இணையமும் கடிதமும் எழுத்தும் மட்டுமே வேலையாக உள்ளவர்கள் விலையில்லாத லினக்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். மருமகப்பிள்ளை அதைத்தான் சிபாரிசு செய்கிறான்.

பாஸ்வேர்டின் கதை தனி ரசமுள்ளது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களின் தொடக்கத்தில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ள பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் செய்த ஏற்பாட்டில், அவரவர் கோப்பை அவரவர் திறக்கவென்று பாஸ்வேர்டு வைத்தார்கள். 1962இல் அங்கே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லையென்று, பாஸ்வேர்டுகள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தரும்படி இயந்திரத்துக்குக் கட்டளையிட்டு, மற்றவர்களுடைய நேரத்தையும் எடுத்துக்கொண்டார். பூட்டு பிறந்த வீட்டிலேயே கள்ளச்சாவியும் பிறந்துவிட்டது. 2003இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் எழுதிய விதிகளால்தான், குறியீடும் எண்ணும் பெரிய எழுத்தும் கலந்து, தவணை தவறாமல் மாற்று என்ற உபத்திரவம் உலகெங்கும் பரவியது. 2017இல் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதே நிறுவனத்தின் திருந்திய விதிகளும் நீளம்தான் பிரதானம், களவு போனதற்கு அடையாளமின்றி மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வைத்தால், திருடனுக்குக் கடினம், நமக்குச் சுலபம். ஒரே சாவியைப் பத்துக் கதவுக்கு வைக்காமல் இருந்தால் சரி.

பாஸ்வேர்டையே ஒழித்துவிடும் யுக்தியும் வந்துவிட்டது. பாஸ்கீ என்று அதற்குப் பெயர். அதைப் பரவலாக ஆதரிப்பதாக 2022 மே மாதத்தில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தன. இணையதளத்திடம் பூட்டு மட்டும் இருக்கும். சாவி உங்கள் கைப்பேசியில் இருக்கும். விரலை வைத்தால் சாவி தன் வேலையைச் செய்யுமே ஒழிய, ஒருபோதும் அந்தத் தளத்தின் கைக்குப் போகாது. போலித்தளம் கேட்டாலும் கொடுப்பதற்கு அங்கே ரகசியச் சொல் என்று ஒன்று இல்லை. ஆக, கூடத்துக் கம்ப்யூட்டரின் சாவிக்கொத்து இப்போது சட்டைப்பையில் இருக்கிறது, ஓ.டி.பி.யும் அங்கேதான் வருகிறது. இதனால் ஒரு புது விதமான திருடனும் உண்டாகியிருக்கிறான். பாங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, நம் திரையைத் தூரத்திலிருந்தே பார்க்க உதவும் செயலியை நம்மையே போட்டுக்கொள்ளச் சொல்கிறான். அப்படி யாரேனும் அகப்பட்டுப் பணத்தை இழந்தால், தாமதியாமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பணம் கை மாறி மாறிப் போவதற்குள் தடுக்க வழியுண்டு.

எனவே வரப்போகும் கைப்பேசியைப் பற்றி என் மருமகப்பிள்ளையிடம் நான் இப்போது கேட்பது வேறு கேள்வி: இதற்கு எத்தனை வருஷம் திருத்தங்கள் அனுப்புவார்கள்? 2023இல் பிக்சல் 8க்கு ஏழு வருஷம் என்று கூகுள் வாக்களித்தது. மறு ஜனவரியில் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்24க்கு அதையே சொன்னது. கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினால் அந்த வேகத்தை உணர்ந்து தானே பூட்டிக்கொள்ளும் வித்தையும் 2024இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. காமிராவின் கண்ணைக் காட்டிலும் இவையே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. அவனுக்கு அப்படியில்லை, கண்ணுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கிய பிறகே இதற்கு வருகிறான்.

அந்த ரசீது வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, உறையைக் கழற்றிவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். நான் அன்றாடம் புழங்குவதற்கு, புது நிரல் போடும் அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கு ஒன்று உண்டாக்கினான். அதிகாரமுள்ள கணக்கு தனியே போயிற்று. வை-ஃபை ரௌட்டருக்கு, வந்த நாள் முதல் அதன் அடியில் அச்சடித்திருந்த பாஸ்வேர்டே இருந்தது, அதையும் மாற்றினோம். திருத்தங்கள் இறங்கி, இயந்திரம் மூன்று முறை அணைந்து எழுந்தது. சதாபிஷேகப் படங்கள் உட்பட எல்லாவற்றையும் வெளி ஹார்டுடிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, வேலை முடிந்ததும் கம்பியைப் பிடுங்கினான். இணைத்தபடியே விட்டால், பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும் என்றான். மஞ்சள் சீட்டைக் கிழிக்கப் போனவனை நான் தடுத்தேன்; எழுதி வைத்ததில் தவறில்லை, வைத்த இடம்தான் தவறு என்றேன். புதிய பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதி, ஹார்டுடிஸ்க்கோடு சேர்த்து, பத்திரங்கள் இருக்கும் இரும்புப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினோம். அமெரிக்காவில் இருக்கும் திருடனால் எங்கள் பீரோவைத் திறக்க முடியாதல்லவா?

பீரோவின் சாவி, எப்போதும்போல, அதன் பக்கத்திலேயே காலண்டர் ஆணியில் தொங்குகிறது.