39-க்கு 39 ஜெயித்தும் டெல்லியில் குரல் எடுபடாதது ஏன்? திருவண்ணாமலை எம்.பி. சஸ்பெண்ட் சொல்லும் கணக்கு

2023 டிசம்பர் 18. மக்களவையில் ஒரே நாளில் 33 எம்.பி.க்கள் சஸ்பெண்ட். அந்தப் பட்டியலில் திருவண்ணாமலை எம்.பி. சி.என். அண்ணாதுரையும் (திமுக) இருந்தார். கூட்டத்தொடர் முடியும் வரை அவர் அவைக்குள் நுழைய முடியாது. 2019-ல் 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தவர் அவர்.

என்னதான் நடந்தது?

டிசம்பர் 13-ம் தேதி பார்வையாளர் மாடத்தில் இருந்து 2 பேர் அவைக்குள் குதித்து மஞ்சள் புகையைக் கிளப்பினார்கள். 'உள்துறை அமைச்சர் அமித் ஷா வந்து விளக்கம் சொல்லணும்' என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. பதாகை ஏந்தி அவையை முடக்குகிறார்கள் என்றது ஆளுங்கட்சி. அடுத்தடுத்த நாட்களில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் சஸ்பெண்ட். இதில் மக்களவையில் மட்டும் 100 பேர். முதல் நாள் பட்டியலில் அன்று அவைக்கே வராத சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் பெயரும் இருந்து, பிறகு நீக்கப்பட்டது தனிக்கதை!

ஒரு எம்.பி.யை வெளியேற்றுவது அவ்வளவு சுலபமா?

சுலபம்தான், மெஜாரிட்டி இருந்தால். சபாநாயகர் பெயரைக் குறிப்பிடுவார், அமைச்சர் தீர்மானம் கொண்டுவருவார், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். 2019 தேர்தலில் பாஜக மட்டுமே 303 இடங்களை வென்றிருந்தது. இதில் காங்கிரஸும் சளைத்ததல்ல. ராஜீவ் காந்தி 400-க்கும் அதிகமான எம்.பி.க்களோடு ஆட்சியில் இருந்தபோது, 1989 மார்ச் 15-ல் ஒரே நாளில் 63 பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

இதில் திருவண்ணாமலைக்கு என்ன நஷ்டம்?

சஸ்பெண்ட் ஆனவர்களின் கேள்விகள் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டன. டிசம்பர் 20-ல் இந்திய தண்டனைச் சட்டம் உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்டங்களுக்கு மாற்றான மசோதாக்கள் மக்களவையில் நிறைவேறியபோது 97 எதிர்க்கட்சி எம்.பி.க்கள் வெளியே இருந்தார்கள். இன்று திருவண்ணாமலை போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டால், அது அந்தப் புதிய சட்டத்தின்படிதான். அது நிறைவேறிய விவாதத்தில் இந்தத் தொகுதிக்குக் குரல் இல்லை.

சரி, உள்ளே இருந்திருந்தால் மாறியிருக்குமா?

வாக்கெடுப்பு முடிவு மாறியிருக்காது. காரணம், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அதனால் எந்தக் கட்சி எம்.பி.யும் தொகுதி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பார்த்து ஓட்டுப் போட முடியாது. 2025 ஏப்ரலில் வக்ஃப் மசோதா 288-க்கு 232 என்று நிறைவேறியது. ஏறக்குறைய இரு கூட்டணிகளின் பலம் அப்படியே ஓட்டாக விழுந்தது. மணிக்கணக்கில் நடந்த விவாதம் யார் மனசையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் எம்.பி.யின் பலம் எங்கே?

ஆட்சிக்கு அவர் தேவைப்படும்போதுதான். 2004-ல் காங்கிரஸுக்குக் கிடைத்தது 145 இடங்கள். தமிழ்நாட்டில் 39-ஐயும் வென்ற திமுக கூட்டணி இல்லாமல் ஆட்சி அமைப்பது கஷ்டம். மத்திய அமைச்சர் பதவிகள் வந்தன. ரயில்வே இணை அமைச்சராக பாமகவின் ஆர். வேலு இருந்தார். திண்டிவனம் - திருவண்ணாமலை புதிய ரயில் பாதைக்கு 2006-07-ல் ஒப்புதல் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். (ஒப்புதலோடு சரி, பாதை முடிந்தபாடில்லை என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.)

2014-ல் கதை வேறு. அதிமுக 37 இடங்களை அள்ளியது. திருவண்ணாமலையில் வனரோஜா ஜெயித்தார். ஆனால் பாஜகவுக்குத் தனியாகவே 282. 37 பேரும் யாருக்கும் தேவைப்படவில்லை.

2024-ல் பாஜக 240-க்கு இறங்கியது. அண்ணாதுரை மீண்டும் வென்றார், திமுக கூட்டணிக்கு 39-க்கு 39. ஆனால் ஆட்சியைத் தாங்கிப் பிடித்தது 16 எம்.பி.க்கள் கொண்ட தெலுங்கு தேசமும் 12 எம்.பி.க்கள் கொண்ட ஐக்கிய ஜனதா தளமும்தான். அடுத்த மாதமே வந்த பட்ஜெட்டில் ஆந்திரத் தலைநகர் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய்க்கு ஏற்பாடு செய்வதாக அறிவிப்பு வந்தது.