பூனைக்கும் முதுமை உண்டு

"சாகப் போற பூனை வீட்டுல இருக்காதும்மா. தானா எங்கேயாவது போயிடும். அதைத் தேடக் கூடாது."

தஞ்சோங் ரம்புத்தானில் எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி இப்படிச் சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. ரப்பர் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்த காலத்தில் குட்டியாக வந்து சேர்ந்த வெள்ளச்சிக்கு அப்போது வயது பதினாறு. இரண்டு நாளாக அதைக் காணோம். பாட்டி வழக்கம்போல் சோறும் மீனும் பிசைந்து வாசலில் வைத்துவிட்டு, தெருவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மனம் கேட்காமல் என் மகன் தேடிப் போனான். வெள்ளச்சி எங்கும் போய்விடவில்லை. பாட்டி வீட்டுக் கொல்லையிலேயே, பழைய பலகைகளுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. உயிர் இருந்தது!

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலர் பாட்டி சொன்னதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஆனால் உண்மை வேறு. உடம்பு முடியாத பூனை சாவைத் தேடிப் போவதில்லை. தன் பலவீனம் எதிரியின் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று மறைவிடம் தேடி ஒளிந்துகொள்கிறது. அது அதன் பிறவிக் குணம். நாம் தேடாமல் விட்டால், மருந்தால் தீரக்கூடிய நோயும் அதைக் கொன்றுவிடும்.

பூனையின் ஆயுள் எவ்வளவு?

வீட்டுக்குள் வளரும் பூனை பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வாழும். இருபதைத் தொடுவதும் உண்டு. தெருவில் அலையும் பூனைக்கு வாகனம், சண்டைக் காயம், தொற்று நோய் என்று எத்தனையோ ஆபத்துகள். அதன் ஆயுள் மிகக் குறைவு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 'க்ரீம் பஃப்' என்ற பூனை 1967 ஆகஸ்டு 3ஆம் நாள் பிறந்து, 2005 ஆகஸ்டு 6ஆம் நாள் வரை, முழுதாக 38 ஆண்டுகள் வாழ்ந்தது. கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற சாதனை இது.

பூனையின் முதல் இரண்டு ஆண்டுகள் மனிதனின் இருபத்து நான்கு வயதுக்குச் சமம் என்பார்கள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டையும் நான்காகக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படியானால் பத்து வயதுப் பூனைக்கு 56. பதினைந்து வயதுப் பூனைக்கு 76. எழுபத்தாறு வயதுத் தாத்தாவைக் கவனிப்பதுபோல் அதையும் கவனிக்க வேண்டாமா?

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

"வயசாயிடுச்சு, அதான்" என்று நாம் தள்ளிவிடுவதில் பாதி, நோயின் அறிகுறியே. அடிக்கடி தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் சிறுநீரகக் கோளாறாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால் தைராய்டு சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். நாற்காலியில் தாவத் தயங்கினால் மூட்டுவலி. வாய் நாறி எச்சில் வடிந்தால் பல் நோய். ஒரு நாள் முழுதும் சாப்பிடாமல் கிடந்தாலே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். பட்டினி நீடித்தால், அதிலும் கொழுத்த பூனையாக இருந்தால், ஈரல் கெட்டுவிடும்.

வெள்ளச்சியை ஈப்போவுக்குக் கொண்டு போனோம். சிறுநீரகம் பழுதாகியிருந்தது. "இதைக் குணப்படுத்த முடியாது, ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் கொஞ்ச காலம் சுகமாக இருக்கும்" என்றார் டாக்டர்.

வீட்டில் செய்யக்கூடியவை

கிழப் பூனைக்குக் குளிர் ஆகாது. மழைக்கால இரவுகளில் கோணிச் சாக்கின் மேல் பழைய கைலியை மடித்துப் போட்டு, ஈரம் படாத மூலையில் இடம் கொடுங்கள். மணல் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். கால் வலிக்கும் பூனையால் உயரமாகத் தாண்ட முடியாது. வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீனை இளஞ்சூட்டில் கொடுத்தால், வாசனைக்காகவாவது நாலு வாய் தின்னும். சிறுநீரக நோய் உள்ள பூனைக்கு என்ன உணவு என்பதை மட்டும் டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். பால் பல பூனைகளுக்குச் செரிக்காது. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு அவற்றின் இரத்தத்தையே கெடுக்கும்.

தாய்மார்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சல், வலி என்று நாம் விழுங்கும் பாராசித்தமோல் மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகள் சிலவும் அப்படியே.

கடைசி முடிவு

வெள்ளச்சி மேலும் எட்டு மாதங்கள் இருந்தது. பாட்டி சுவரில் தொங்கிய நாள்காட்டியில், அது சாப்பிட்டு வெயிலில் படுத்த நாட்களுக்குச் சுழியும், வேதனைப்பட்ட நாட்களுக்குப் பெருக்கல் குறியும் போட்டு வந்தார். டாக்டர் சொல்லித்தந்த வழி அது. ஒரு மாதம் பெருக்கல் குறிகளே மிகுந்துவிட்டன. தண்ணீரும் இறங்கவில்லை; படுத்த இடத்திலேயே நனைந்து கிடந்தது.

ஊசி போட்டுத் தூங்க வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் பாட்டி பதறிப் போனார். "பூனையைக் கொன்ன பாவம் ஏழு பிறவிக்கும் விடாதும்மா!"

"பாட்டி, அதோட வலியைப் பார்த்துக்கிட்டே சும்மா இருக்கறது மட்டும் புண்ணியமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இரவு முழுதும் அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில், "போகலாம்மா" என்றார்.

இந்த ஊசி மயக்க மருந்துதான். அளவு மட்டும் அதிகம். முதலில் உறக்கம் வரும். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். வெள்ளச்சியின் தலை கடைசிவரை பாட்டியின் மடியில் இருந்தது. கொல்லையிலுள்ள ரம்புத்தான் மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.

எல்லாப் பூனைக்கும் ஊசி தேவை என்று நான் சொல்லவில்லை. வலியின்றித் தானாக அடங்குபவையும் உண்டு. அதை டாக்டரோடு கலந்து முடிவு செய்யலாம். ஆனால் வளர்த்த பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்று நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமே கூறுகிறது.

அரிசி மூட்டையை எலியிடமிருந்து காத்த பூனைகள், நம் பிள்ளைகளோடு பாயில் படுத்த பூனைகள் இவை. உங்கள் வீட்டுக் கிழப் பூனையை ஒருநாள் காணவில்லையென்றால், "போய்விட்டது" என்று இருந்துவிடாதீர்கள். கட்டிலுக்கு அடியில் பாருங்கள், கொல்லையில் பாருங்கள். அது உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.