நகமும் சங்கின் மூடியும்

உருவத்தால் ஒத்த பொருள்களுக்கு ஒரே பெயரிட்டு வழங்குதல் எல்லா மொழிகளிலும் காணப்படும் வழக்காகும். கிரேக்க மொழியில் நகத்துக்கு 'ஓனிக்ஸ்' என்பது பெயர். நகத்தின் நிறமும் வெண்கோடும் போன்றவை அமைந்த ஒரு மணிக்கல்லுக்கும், கடல்நத்தைகள் சிலவற்றின் மூடிக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. இவற்றுள் நகத்துக்கும் நத்தை மூடிக்கும் உள்ள ஒப்புமை எத்துணைத்து என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சங்கு முதலிய பிராணிகள் தம் பாதத்தின் பின்புறத்தே ஒரு தகட்டைத் தாங்கியுள்ளன. பகை கண்டு உடலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கால், அத்தகடு ஓட்டின் வாயிலைக் கதவு போல் அடைக்கும். சில இனங்களில் அது சுண்ணாம்பாலானது. சங்கிலோ கொம்பு போன்ற பொருளாலாகி, கபில நிறமும் விலங்குகளின் நக வடிவும் உடையது.

இத்தகைய மூடிகளைப் பண்டையோர் பக்குவஞ் செய்து நறும்புகைக் கூட்டிற் சேர்த்தனர். 6ஆம் நூற்றாண்டில் வராகமிஹிரர் இயற்றிய பிருஹத் சம்ஹிதையில், வாசனைப் பொருள்களுள் ஒன்றாக 'நகம்' கூறப்படுகின்றது. அராபியரும் இம்மூடிகளை 'வாசனை நகங்கள்' என்னும் பொருள்படவே அழைத்தனர். மொழிகள் வேறாயினும் கண்ட ஒப்புமை ஒன்றே.

இப்பெயரின் வரலாறு அறியாதார் இடர்ப்படுவர். கூட்டுமருந்து செய்வான் ஒருவன் 'நகம்' என்பதை விலங்கின் நகமென்றே கொள்ளக்கூடும். யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்துத் தூபவர்க்கத்தில் வரும் எபிரெயச் சொல்லைப் பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் 'ஓனிக்ஸ்' என்னும் சொல்லால் பெயர்த்தனர். அது நத்தை மூடியே என்பார் பலர். மரப்பிசின் என்பாரும் உளர். தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்துக் காணப்படுவது குங்கிலியம். ஆகவே ஒரு சொல்லின் பொருளைப் பற்றியே அப்பண்டம் கடலதோ காட்டதோ என்பது முடிவாகின்றது.

உடற்கூற்று நூலிலும் இத்தகைய பெயரொன்றுண்டு. நகத்தின் அடியில் தோன்றும் வெண்பிறையை 'லூனூலா', அதாவது சிறு திங்கள், என்பர். மட்டி போன்ற ஈரோட்டுப் பிராணிகளின் ஓட்டில், மூக்குப்போன்ற முனைக்கு முன்னுள்ள சிறு பள்ளத்துக்கும் அப்பெயரே உண்டு. ஆயினும் முன்னது, நகத்தை வளர்க்கும் உயிருள்ள பகுதி வெளியே தோன்றும் இடம். பின்னதோ உயிரற்ற ஓட்டின் மேலமைந்த வடிவு மாத்திரமே.

இனி, பெயரிட்டோர் கண்ணுக்குப் புலப்படாத ஒற்றுமையும் உண்டு. நகத்தகடும் சங்கின் மூடியும் உயிருள்ள தசையினின்று உண்டாகி, தாம் உயிரற்று நிற்பவை. வளரும் முறையில் மட்டும் அவை மாறுபடுவன. கைவிரல் நகம் அடியினின்று மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்ந்து, பழைய பகுதியை முன்னே தள்ளுகின்றது; நாம் அதை வெட்டியெறிகின்றோம். ஆதலின் நம் நகத்தில் எஞ்சுவது ஏறக்குறைய ஆறு மாத வரலாறே. சங்கின் மூடியோ விளிம்பிற் புதுப்பொருள் சேரச் சேரப் பெருகுவது. அதன் கூர்முனையில் இளமைக்காலப் பகுதி அமைந்திருக்கும்.

பெயரொப்புமை கண்டவிடத்துப் பொருளும் ஒன்றென்று துணியாது, எம்மட்டில் ஒக்கும், எங்கே வேறுபடும் என்று ஆராய்வதே கற்பார் கடனாகும்.