பருவம் தவறிய காலத்தில் புதுக் கோழி சேர்ப்பது எப்படி?

புறக்கடையில் ஆறேழு கோழிகள் வளர்ப்போர் அனைவருக்கும் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. பூனையோ கீரியோ ஒன்றிரண்டைத் தூக்கிச் செல்லும். அடைமழையில் சில மடியும். சில வயதாகி முட்டையிடுவதை நிறுத்தும். அந்த இடத்தை நிரப்பப் புதுக் கோழி தேடும்போது பெரும்பாலும் பருவம் தவறியிருக்கும். சென்னை அபிராமபுரம், மந்தைவெளி போன்ற பகுதிகளில் அடுக்குமாடிகளுக்கு நடுவே எஞ்சியுள்ள தோட்ட வீடுகளில் கோழி வளர்ப்போருக்கும் இதே நிலைதான். அவசரப்பட்டுச் சந்தையில் வாங்கும் ஒரே ஒரு கோழி, வீட்டிலுள்ள கோழிகள் அனைத்தையும் அழித்துவிடக்கூடும் என்பதை இவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

குஞ்சு கிடைக்காதது ஏன்?

நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டைகள் வரை இட்டு அடையில் அமரும். 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும். தை, மாசி மாதங்களில் பொரிக்கும் குஞ்சுகள் நன்கு தேறும். அக்கினி நட்சத்திர வெயிலில் முட்டைகளைச் சேர்த்து வைத்தால், அடை வைக்கும் முன்பே கரு வளரத் தொடங்கி நடுவில் செத்துவிடும். எனவே அடை வைத்தாலும் கூமுட்டைகளே மிகுதியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொரித்தாலோ, குஞ்சுகள் குளிரில் விறைத்து இறக்கும். ஈரத் தரையில் ரத்தக் கழிச்சல் நோயும் பரவும். இக்காலங்களில் கிராமங்களிலிருந்து குஞ்சு வரத்து குறைவதற்கு இதுவே காரணம்.

எங்கே வாங்கலாம்?

கருவிப் பொரிப்பகங்களுக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் அங்கே குஞ்சு பொரிக்கப்படுகிறது. அபிராமபுரத்துக்கு அருகிலுள்ள நந்தனத்தில்தான் முன்பு கோழி ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. நந்தனம் கோழி, நந்தனம் வான்கோழி, நந்தனம் காடை என்ற பெயர்கள் அங்கிருந்தே வந்தன. பின்னர் அந்நிலையம் மாதவரம் பால்பண்ணைப் பகுதிக்கு மாறியது. 1989-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் அது இயங்குகிறது. இது போன்ற நிலையங்களிலோ, தடுப்பூசி விவரத்தை எழுதித் தரும் பொரிப்பகங்களிலோ முன்கூட்டிச் சொல்லி வைத்து வாங்குவது நலம்.

ஒரு நாள் குஞ்சுக்கு விலை குறைவு. ஆனால் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்து வர வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்பட்டால் குஞ்சுகள் தாங்கா. ஆகவே பருவம் தவறி வாங்குவோர், எட்டு வாரம் வளர்ந்து தடுப்பூசி போட்ட கோழிகளை வாங்குவதே ஏற்றது. வீட்டில் அடைக்கோழி இருந்தால் மட்டும் ஒரு நாள் குஞ்சுகளை இரவு நேரத்தில் அதன் இறகுக்கு அடியில் விடலாம். இருட்டில் விட்டால் பெரும்பாலும் அது தன் குஞ்சென ஏற்றுக்கொள்ளும்.

கிராமப்பிரியா போன்ற மேம்பட்ட இனங்கள் நாட்டுக்கோழியைப் போல் இரு மடங்குக்கு மேல் முட்டையிடும். ஆனால் பொதுவாக அடை காக்கா. கூட்டத்தில் ஒரு சிறுவிடைக் கோழியையாவது வைத்திருந்தால் அடுத்த முறை வெளியே தேட வேண்டியதில்லை. அதற்கு அடைவைக்கச் சேவலுடன் வளர்ந்த கோழியின் கருமுட்டை தேவை. உண்பதற்கான முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. வீடுகள் நெருங்கிய இடத்தில் சேவல் இல்லாதிருப்பது அண்டை வீட்டாரின் உறக்கத்துக்கும் நல்லது.

வாங்கும்போது ஏமாறாதீர்கள்

பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்த கோழிகள் மலிவாக விற்பனைக்கு வரும். இளங்கோழியின் கால் செதில்கள் வழவழப்பாக இருக்கும், பின்முள் சிறுத்திருக்கும். கண் பளிச்சென்றும், மூக்கு உலர்ந்தும், ஆசனவாய்ப் பக்கத்து இறகு சுத்தமாகவும் இருக்க வேண்டும். கழுத்து முறுக்கிய, தூங்கி வழியும் கோழி ஒன்று கூண்டில் இருந்தாலும் அந்தக் கூண்டிலிருந்து எதையும் வாங்கக் கூடாது.

மூன்று வாரம் தனிக்காவல்

ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய், தடுப்பூசி போடாத கோழிகளில் ஏறக்குறைய அனைத்தையும் கொன்றுவிடும். நோய்க்கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். நலமாகத் தோன்றும் கோழியும் நோயைச் சுமந்து வரக்கூடும். எனவே புதுக் கோழிகளை மூன்று வாரம் தனியே அடைக்க வேண்டும். தோட்டத்தில் இடமில்லையெனில், நிழலுள்ள மொட்டைமாடி மூலையில் பஞ்சாரமிட்டு வைக்கலாம். முதலில் பழைய கோழிகளுக்குத் தீவனம் வைத்து, கடைசியில் புதியவற்றைக் கவனித்துக் கை கால்களைக் கழுவ வேண்டும். தண்ணீர்த் தட்டும் தீவனத் தட்டும் தனித்தனியே இருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் லசோட்டா கண் சொட்டு மருந்தும், நான்காம் வாரத்தில் மீண்டும் லசோட்டாவும், எட்டாம் வாரத்தில் ராணிக்கெட் தடுப்பூசியும் போடுவது முறை. ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்குப் போதுமானது. கரைத்த சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஆறு கோழிகள் மட்டும் வைத்திருப்போர், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடும் நாளைக் கேட்டு எடுத்துச் செல்லலாம். பழைய கோழிகளுக்கும் விட்டுப்போயிருந்தால் அப்போதே போட்டுவிட வேண்டும்.

கூட்டத்தில் சேர்த்தல்

ஒற்றைக் கோழியைச் சேர்த்தால் பழையவை கொத்தித் துன்புறுத்தும். இரண்டு மூன்றாகச் சேர்ப்பதே நல்லது. முதலில் கம்பி வலைக்கு இருபுறமும் ஒரு வாரம் பழகவிட்டு, பின்னர் இருட்டியதும் பரண் கம்பில் ஏற்றிவிட வேண்டும். தீவனத் தட்டை இரண்டிடத்தில் வைத்தால் புதியவை பட்டினி கிடக்கா. ரத்தம் கசியும் காயம் தெரிந்தால் அந்தக் கோழியை உடனே பிரித்தெடுக்க வேண்டும்.

தடுப்பூசி போட்ட இளங்கோழிக்கு விலை கூடுதல்தான். முட்டைக்காக மூன்று நான்கு மாதம் காத்திருக்கவும் வேண்டும். எனினும் பழைய கோழிகளின் உயிருக்கு அதுவே காப்பு. தை மாதத்தில் பொரித்த குஞ்சு ஆடியில் முட்டைக்கு வரும். எனவே ஆண்டுதோறும் தையில் இரண்டு மூன்று குஞ்சுகளைக் கூட்டத்தில் வளர்த்துவந்தால், அடுத்த மழைக்காலத்தில் கோழி குறைந்தாலும் சந்தையை நாட வேண்டிய நிலை வராது.